மாஸ்டர்ஸ் படிக்க அரசாங்கக் கடன்: எனக்குக் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 41 வயது. யாழ்ப்பாணத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, கணவரின் விசாவில் லண்டன் வந்து ஏழு வருடமாகிறது. போன வருடம்தான் ஐ.எல்.ஆர். (காலவரையின்றித் தங்கும் அனுமதி) கிடைத்தது. இரண்டு வருடப் பகுதிநேர மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. இங்கிலாந்தில் அரசாங்கக் கடன் எனக்குக் கிடைக்குமா? சென்னையில் எம்.ஏ. முடித்த என் கணவரும் எடுக்கலாமா?

பதில்: நீங்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம் சகோதரி. வகுப்பு தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளில் 60 வயதுக்குக் கீழே இருந்தால் போதும். அன்று கையில் ஐ.எல்.ஆர். இருக்கவேண்டும், அதற்கு முந்திய மூன்று வருடமும் இந்த நாட்டில் வாழ்ந்திருக்கவேண்டும். ஐ.எல்.ஆர். எடுத்து மூன்று வருடம் ஆகவேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு சும்மா காத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. விசாவில் இருந்த காலமும் அந்த மூன்று வருடத்தில் சேரும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கடன் இல்லை. அகதி அந்தஸ்து பெற்றவர்களும் கேட்கலாம்.

கணவருக்குக் கிடைக்காது. ஏற்கெனவே மாஸ்டர்ஸ் வைத்திருப்பவருக்குக் கொடுப்பதில்லை, அது சென்னையில் சொந்தக் காசில் படித்ததாக இருந்தாலும்கூட. மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம்.

குடும்ப வருமானத்தைப் பார்க்கமாட்டார்கள். 2025-26இல் தொடங்கும் படிப்புக்கு மொத்தமாக 12,858 பவுண் வரை கிடைக்கும். இது ஒரு வருடத்துக்கு அல்ல, முழுப் படிப்புக்கும். உங்களுக்கு வருடத்துக்கு 6,429 பவுண் என்று பிரித்து, ஒவ்வொரு வருடமும் மூன்று தவணையாக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். முதல் தவணை 2,100 பவுண் சொச்சம். அதுவும் நீங்கள் பதிவு செய்துவிட்டதைப் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்திய பிறகுதான் வரும். ஆனால் கட்டணத்துக்கான முற்பணத்தைப் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே உங்களிடம் கேட்கலாம். அதனால் அவர்கள் தரும் படிப்பு இடத்தை ஏற்றுக்கொள்ளுமுன், கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

அப்புறம், 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி) கொண்ட முழு மாஸ்டர்ஸ்தானா என்றும் பாருங்கள். டிப்ளோமாவுக்கும் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கும் இந்தக் கடன் இல்லை.

திருப்பிக் கட்டுவதை நினைத்துப் பயப்படவேண்டாம். வருடச் சம்பளம் 21,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 6 வீதம் பிடிப்பார்கள். 27,000 சம்பளம் என்றால் மாதம் 30 பவுண். வட்டி மட்டும் முதல் தவணை வந்த நாளிலிருந்தே ஏறும். விண்ணப்பத்தை, இந்தக் கடனைக் கவனிக்கும் அரசாங்க அமைப்பான ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் இங்கிலாந்தின் இணையத்தளத்தில் நீங்களே போடலாம். முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.