வெண்டர் நீட்டும் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: மொத்த வியாபாரம் செய்கிறோம். கோடவுன் ஸ்டாக்கைக் கணினியில் கொண்டுவர ஒரு நிறுவனத்திடம் பேசியிருக்கிறோம். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று 160 வரிகள் கொண்ட தேவைப் பட்டியலைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும் என்கிறார்கள். படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. நண்பர் ஒருவர், 'முதலில் இலக்குகளை எழுதுங்கள்' என்கிறார். அவசியமா?

பதில்: அவசியம்தான். கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் படித்தால் சரியாகத்தான் இருக்கும். 'எதற்காக?' என்று கேட்டால்தான் ஓட்டை தெரியும்.

இப்படிப்பட்ட பட்டியல்களில் வழக்கமாக வரும் வரி: 'ஸ்டாக் பூஜ்யமானால் எஸ்எம்எஸ் வர வேண்டும்.' எதற்காக? ஆர்டர் எடுத்த பிறகு சரக்கு இல்லை என்று கையை விரிக்கக் கூடாது. இதுதான் இலக்கு. ஒரு சரக்கு நாளைக்கு 25 பெட்டி போகிறது, சப்ளையர் அனுப்ப 7 நாள் ஆகிறது என்று வையுங்கள். பூஜ்யத்தில் வரும் எஸ்எம்எஸ்ஸை வைத்து என்ன செய்வீர்கள்? 175 பெட்டி மிச்சம் இருக்கும்போதே வர வேண்டும். விற்பனை ஏறி இறங்கும் சரக்கு என்றால் அதற்கும் முன்பே. ஆனால் புரோகிராமர் எழுதிக் கொடுத்ததைத்தான் செய்வார். பிறகு மாற்றச் சொன்னால் 'சேஞ்ச் ரெக்வெஸ்ட்' என்று தனி பில் வரும். சிலருக்கு லாபமே அதில்தான்.

அடுத்து, 'எப்படி?' என்று கேட்டு இலக்கை உடைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒருவர் பொறுப்பு என்ற நிலை வந்ததும் நிறுத்துங்கள். எச்சரிக்கை அளவைக் கணக்கிடுவது மென்பொருளின் பொறுப்பு. லாரியில் இறங்கும் சரக்கை அப்போதே ஸ்கேன் செய்வதும், உடைந்ததைக் கழிப்பதும் உங்கள் ஆட்களின் பொறுப்பு. இந்த இரண்டாவது வகை வெண்டரின் பட்டியலில் இருக்காது. அதற்குப் புரோகிராம் எழுத முடியாதே! ஆனால் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். கணினி 40 என்னும், ராக்கில் 31 இருக்கும். 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் புதிய கணினி அமைப்பு தடுமாறியதற்கு ஒரு முக்கியக் காரணம், வண்டிகள் எங்கே, என்ன நிலையில் இருக்கின்றன என்ற தகவல் அதற்குச் சரியாகப் போய்ச் சேராததுதான். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில், 'இவர் செய்யாவிட்டால்?' என்பதற்கும் ஒரு பதில் எழுதுங்கள்.

'எளிதாக', 'வேகமாக' என்று எழுதிய வரிகளை எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். அரை நாள் பயிற்சி பெற்ற புது ஆள், 10 வகைச் சரக்கு வந்த லாரியை 5 நிமிடத்தில் பதிய முடிய வேண்டும் என்பது போல.

ஒரு விதிவிலக்கு உண்டு. பில் எண் இடைவெளியில்லாமல் வரிசையாக வருவது, கணக்கை இத்தனை ஆண்டு வைத்திருப்பது போன்றவை சட்டம் கேட்பவை. அங்கே 'எதற்காக' என்று வாதிட வேண்டாம். இலக்கு என்ற இடத்தில் 'சட்டம்' என்று எழுதினால் போதும். ஆனால் இந்த வாசல் வழியாகத்தான் வேண்டாததெல்லாம் உள்ளே வருகிறது. பில்லைப் பாதுகாக்கச் சொல்வது சட்டம்; அதோடு ஒட்டிக்கொண்டு வரும் 15 வகை ரிப்போர்ட் சட்டமல்ல. 'இது கம்ப்ளையன்ஸ் சார்' என்றால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தந்ததை உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள். வெண்டரின் வாய்ச்சொல் போதாது.

இடையில் வரும் 'கன்சல்டன்ட்'களிடமும் கவனம். வேறொரு வாடிக்கையாளருக்குச் செய்த பட்டியலில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். கோடவுன் பட்டியலில் 'வார்டு', 'டிஸ்சார்ஜ்' என்று தென்பட்டால் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். இன்னும் சிலர் காவோஸ், ஐ-ஸ்டார் என்று இலக்குகளை அலசும் முறைகளின் பெயர் சொல்லி, படம் படமாக வரைந்து பக்கக் கணக்கில் பணம் கேட்பார்கள். இரண்டும் 1990களிலிருந்து புழங்கும் நல்ல முறைகள்தான். ஆனால் ஒரு கோடவுனுக்கு இரண்டு பத்தி போட்ட நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கம் இலக்கு, வலப்பக்கம் அதற்கு உதவும் வரி எண்கள். எந்த இலக்கிலும் சேராத வரியை அடியுங்கள். வரியே இல்லாத இலக்குக்கு வரி கேளுங்கள்.

வரிகளை எண்ணி விலை போடுவதும், வரிக்கு வரி டிக் அடித்துப் பணம் கொடுப்பதும் இந்தத் தொழிலின் சாபக்கேடு. வரி கூடினால் விலையும் கூடும் என்றால் யார்தான் குறைத்து எழுதுவார்கள்? ஒப்பந்தத்தில் கடைசித் தவணையை இலக்கோடு கட்டுங்கள்: ஒரு மாதம் ஓடிய பிறகு, நீங்கள் பொறுக்கும் 30 சரக்குகளில் ராக்கில் எண்ணியதற்கும் கணினிக் கணக்குக்கும் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எடுத்த ஆர்டர்களில் எத்தனைக்குச் சரக்கில்லாமல் போனது என்ற கணக்கும் அன்றே மேசைக்கு வர வேண்டும். ஸ்கேன் செய்யாமல் விட்டது உங்கள் ஆட்கள் என்றால், அந்த வித்தியாசத்தை வெண்டர் தலையில் கட்டக் கூடாது என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.