கம்பளத்துல மேக்கப் கொட்டிருச்சா? ப்ளீச்சை மட்டும் கையில எடுத்துராதீங்க

தேவகோட்டையில இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்காக. மக கல்யாணத்தன்னைக்கு உள் ரூம்ல வச்சு பொண்ணுக்கு அலங்காரம் பண்ணிருக்காக, கீழ விரிச்சிருந்தது அவுக ஐயா காலத்துக் கம்பளிக் கம்பளம், சிவப்புல நீலக் கரை போட்டது. ஃபவுண்டேஷன் பாட்டில் கவுந்து உள்ளங்கை அகலத்துக்கு ஊத்திருச்சு, லிப்ஸ்டிக் ஒண்ணு விழுந்து யாரோ மிதிச்சுட்டாக, ஓரத்துல கண் மையும் இழுவிருக்கு. பதட்டத்துல வேலைக்கு வர்ற அக்கா சோப்புத்தூளைக் கரைச்சு ஊத்தி பிரஷ்ஷால தேய்ச்சதுல கறை ரெண்டு மடங்காயிருச்சு. நாலு நாளாச்சு. 'ப்ளீச் வாங்கி ஊத்தட்டுமா, இல்ல வினிகர் போடட்டுமா, கீழ தரையில பதிச்சிருக்கிறது ஆத்தங்குடிக் கல்லு, அதுக்கு எதுவும் ஆயிருமா'ன்னு கேக்குறாக.

ஆச்சி, நாலு நாள் ஆனாலும் நிறைய எடுத்துரலாம், முதல்ல பதட்டப்படாம இருங்க. ப்ளீச் கம்பளிக்கு ஆகவே ஆகாது. கம்பளிங்கிறது நம்ம முடி மாதிரி புரதம், ப்ளீச் அதைக் கரைச்சே போட்ரும், நல்ல ஸ்ட்ராங்கான ப்ளீச்சுல ஒரு கம்பளி நூலைப் போட்டு வச்சா கொஞ்ச நேரத்துல நூலே இருக்காது. சரி, கறையாவது போகுமான்னா அதுவும் போகாது. ஃபவுண்டேஷனுக்குத் தோல் கலர் குடுக்குறது இரும்பு ஆக்சைடு, நம்ம செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பைக் குடுக்குற அதே சங்கதிதான், கூட வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. கண் மைக்குக் கருப்பு குடுக்குறது கரி, இல்லன்னா கருப்பு இரும்பு ஆக்சைடு. மண்ணையும் கரியையும் எந்த ப்ளீச்சும் வெளுக்க வைக்காது. அப்போ ப்ளீச் ஊத்துனா கம்பளம் போகும், கறை இருக்கும். நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, காரைக்குடியில எங்கிட்ட வர்ற பழைய கம்பளத்துல மனசு ஆறாதது இப்படி ப்ளீச் பட்டு ஓட்டையானதுதான், அதை ஒண்ணுமே பண்ண முடியாது.

மேக்கப் கறைன்னா என்னன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுரும். கலர் பொடி தனியா வந்து ஒட்டல, எண்ணெய், மெழுகு, சிலிகான் இதுகதான் அதைத் தூக்கிட்டு வந்து நூலுக்குள்ள ஒட்டி வச்சிருக்கு. லிப்ஸ்டிக்ல மெழுகும் விளக்கெண்ணெயும் இருக்கும், மையிலயும் எண்ணெய்ப் பசைதான். அந்தப் பசையைக் கரைச்சு விட்டா பொடி தானா துணிக்கு வந்துரும். பசையைக் கரைக்காம தண்ணியை ஊத்தித் தேய்ச்சா எண்ணெய் நகராது, பொடி மட்டும் பரவி அடி வரைக்கும் போயிரும், உங்க வீட்டுல நடந்தது அதுதான். அந்த அக்காவைத் திட்டாதீங்க, எல்லா வீட்டுலயும் முதல்ல கை அங்கதான் போகும்.

இப்ப வேலைக்கு வருவோம். கம்பளத்தோட ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு சின்ன நூலை வெட்டி, வெளியில வச்சு, கிடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. முடி கருகுற வாடை அடிச்சு, ஆறுன பிறகு கையில நசுக்குனா பொடியாச்சுன்னா கம்பளி, இல்லன்னா பட்டு. உருகி மணி மாதிரி கெட்டியாச்சுன்னா நைலான், பாலிப்ரோப்பிலீன் மாதிரி சிந்தெடிக். பேப்பர் எரியுற வாடைன்னா பருத்தி, இல்லன்னா விஸ்கோஸ். பளபளன்னு பட்டு மாதிரி இருந்து பேப்பர் வாடை வந்தா அது விஸ்கோஸ்தான், அதுல வீட்டுல கையே வைக்காதீங்க, தண்ணி பட்டாலே மயிர் படுத்துக்கும், மஞ்சளும் பாயும்.

உங்களோடது கம்பளின்னு உறுதியாச்சுன்னா அடுத்தது சாயம் நிக்குதான்னு பாக்கணும். மெடிக்கல்ல சர்ஜிகல் ஸ்பிரிட்னு கேட்டா குடுப்பாக, வெள்ளைப் பஞ்சுல அதை நனைச்சு கம்பளத்தோட சிவப்புல ஒரு மூலையில ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிங்க, அப்புறம் சோப்புத் தண்ணியில ஒரு தடவை அதே மாதிரி. பஞ்சு சிவந்துச்சுன்னா அத்தோட நிறுத்திட்டு கம்பளம் மட்டுமே கழுவுறவுககிட்ட குடுத்துருங்க, பழைய சிவப்புச் சாயம் ஓடுனா நீலக் கரையில ஏறிரும், திரும்ப எடுக்க முடியாது.

பஞ்சு வெள்ளையாவே இருந்தா தைரியமா ஆரம்பிக்கலாம். கம்பளத்துக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, அது மேல மடிச்ச பழைய வெள்ளைத் துண்டு. லிப்ஸ்டிக்கை முதல்ல பாருங்க. ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் பையில போட்டு அது மேல வைங்க, மெழுகு இறுகும், அப்புறம் ஸ்பூன் விளிம்பால மயிர் சாஞ்சிருக்கிற பக்கமா மெதுவா சுரண்டுங்க, செதில் செதிலா வரும், வர்ற செதிலை உடனே டேப்புல ஒட்டி எடுத்துருங்க, இல்லன்னா உங்க கை சூட்டுலயே உருகி வேற இடத்துல ஒட்டிக்கும். பேப்பர் வச்சு அயர்ன் பண்ணா மெழுகு போயிரும்னு சொல்லுவாக, மெழுகுவத்திக்குச் சரி, லிப்ஸ்டிக்குக்கு வேண்டாம், சூட்டுல கலர் உள்ள இறங்கிரும்.

அதுக்கப்புறம் மூணு கறைக்கும் ஒரே வழிதான். ஸ்பிரிட்டைக் கம்பளத்துல ஊத்தக் கூடாது, வெள்ளைத் துணியில நனைச்சு, கறையோட வெளி ஓரத்துல இருந்து நடுவுக்கு ஒத்தி ஒத்தி எடுக்கணும், தேய்க்கவே கூடாது. துணியில கலர் வந்ததும் மடிச்சுச் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்க, இதுதான் எல்லாரும் விடுறது, அழுக்குத் துணியாலயே ஒத்திக்கிட்டு இருந்தா எடுத்ததைத் திரும்ப அங்கயே வைக்கிறீங்க. கண்டிப்பா பத்துப் பதினஞ்சு துணி செலவாகும், பழைய வேட்டியைக் கிழிச்சு வச்சுக்கோங்க. ஜன்னலைத் திறந்து வச்சு, விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு பக்கத்துல இல்லாம பாத்துக்கோங்க, ஸ்பிரிட்டு டக்குனு பத்திக்கும்.

துணியில கலர் வர்றது நின்னதும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில கால் டீஸ்பூன் பாத்திரம் கழுவுற லிக்விடை விட்டுக் கலக்கி, நுரையை மட்டும் துணியில எடுத்து ஒத்துங்க. சுடுதண்ணி வேண்டாம். துணி துவைக்கிற பவுடரும் வேண்டாம், அதுல காரம், அதாவது அல்கலி, இருக்கும், சிலதுல புரதக் கறையைத் தின்னுற என்சைமும் இருக்கும், கம்பளியே புரதம்தானே. பிறகு வெறுந்தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால நாலஞ்சு தடவை ஒத்தி சோப்பை எடுத்துருங்க, சோப்பு உள்ள நின்னா பிசுபிசுப்பு தங்கி ஒரு மாசத்துல அந்த இடம் மட்டும் தூசி பிடிச்சுக் கருத்துரும்.

வினிகர் கேட்டீங்கள்ல, கம்பளிக்கு அது நல்லதுதான். ஏற்கனவே சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சதால உங்க கம்பளத்துல காரம் நிக்கும், ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து கடைசியா ஒத்தி எடுத்தா அது சரியாயிரும், ஆனா மேக்கப் கறையை வினிகர் எடுக்காது. ஆத்தங்குடிக் கல்லுக்குத்தான் வினிகர் விஷம். அது சுட்ட கல்லு இல்ல, சிமெண்ட்டும் மணலும் கலரும் கண்ணாடி மேல ஊத்தி எடுக்குறது, அந்த மினுமினுப்பெல்லாம் கண்ணாடி குடுத்த வழவழப்பு, புளிப்பு பட்டா அரிச்சு வெள்ளையா மங்கிப்போகும். எலுமிச்சம்பழமும் அப்படித்தான். ஒரு வீட்டு முகப்புல கம்பளத்தைத் தூக்காமலே வினிகரை ஊத்தி ராத்திரி விட்டுட்டாக, காலையில தூக்கிப் பாத்தா பூ டிசைனுக்கு நடுவுல தட்டு அளவுக்குச் சுண்ணாம்படிச்ச மாதிரி ஒரு திட்டு, தேங்காய் எண்ணெய் போட்டு எவ்வளவு தேச்சும் அந்தக் கல்லு பழைய முகத்துக்கு வரல. அதனாலதான் பிளாஸ்டிக் ஷீட்டைச் சொன்னேன், முடிஞ்சா திண்ணையில தூக்கிப் போட்டே வேலையைச் செய்யுங்க.

மத்த வீடுகளுக்கும் சேத்துச் சொல்லிர்றேன். சிந்தெடிக் கார்ப்பெட்டுக்கும் இதே முறைதான், ஆனா அடியில பசை வச்சு ஒட்டுன கார்ப்பெட்னா ஸ்பிரிட்டு உள்ள இறங்கி அந்தப் பசையை இளக்கிரும், அதனால துணி ஈரமா இருந்தாப் போதும். குங்குமம், பவுடர் கொட்டுனா தண்ணியைக் காட்டவே கூடாது, வாக்குவம்ல இழுத்துட்டு, திருப்பிப் போட்டுத் தட்டுங்க. மஞ்சள் கறையில சோப்பு பட்டா சிவக்கும், பயந்துராதீங்க, காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் மாறும், வெயில் பட்டா மங்கும். மருதாணி மட்டும் கம்பளியில பிடிச்சா போகாது, அது கையில ஏறுற மாதிரியே கம்பளியிலயும் ஏறிரும், அதனால அடுத்த விசேஷத்துக்கு மருதாணி வைக்கிற ரூம்ல ஜமுக்காளமே விரிக்காதீங்க, ஒரு பழைய பாயைப் போடுங்க.

காய வைக்கிறதுலதான் பொறுமை வேணும். ஈரமான இடத்துல வெள்ளைத் துண்டை மடிச்சு வச்சு, மேல நாலு தடிப் புத்தகத்தை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஏத்திருங்க, அடியில தங்குன கலர் ஈரத்தோட மேல ஏறி வரும்போது துண்டு குடிச்சுக்கும், இதைப் பண்ணாம விட்டா 'போயிருச்சு'ன்னு நினைச்ச கறை மறுநாள் லேசா திரும்பத் தெரியும். அப்படித் தெரிஞ்சா ஸ்பிரிட்டுல இருந்து இன்னொரு சுத்து, கருப்பு மைக்கு மூணு சுத்து கூட ஆகும். பிறகு வளவுல, அதாவது வீட்டு உள் முற்றத்துல, நிழல் பக்கமா, ரெண்டு நாற்காலி மேல போட்டு ஃபேன் காத்து அடியிலயும் படுற மாதிரி வைங்க, ஈரக் கம்பளத்தைக் கொடியில தொங்க விட்டா அந்தப் பாரத்துலயே பழைய நூல் அறுந்துரும், உச்சி வெயில்ல போட்டா சிவப்பு வெளுக்கும். மூணாவது நாள் உள்ளங்கையை அடிப்பக்கம் வச்சுப் பாருங்க, கொஞ்சம் சில்லுன்னு இருந்தாக்கூட இன்னும் ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், காஞ்சதுக்கப்புறம்தான் சுருட்டணும்.