அடியில் என்ன போட்டீர்கள்? ஸ்லீப்பிங் பாக் கேள்வி பதில்

மலை ஏறுகிற எங்கள் திருகோணமலைக் குழுவில் ஸ்லீப்பிங் பாக் (குளிரில் உள்ளே புகுந்து படுக்கிற பஞ்சுப் பை) பற்றிக் கேட்கச் சொன்னேன். வந்து குவிந்துவிட்டது. புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வடநோர்வேயில் 9 குளிர்காலம் இருந்தவன். முதலில் மீன் தொழிற்சாலை. பிறகு கூடாரமும் பாக்கும் வாடகைக்கு விடுகிற கடை ஒன்றில் கழுவுகிறதும் தைக்கிறதும். இப்போது உப்புவெளி வீட்டில் 14 பாக் வைத்திருக்கிறேன், மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு. எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

நிலாவெளித் தம்பி: அண்ணை, 0 பாகை எண்டு போட்ட பாக் வாங்கினன். ஜனவரியில ஹோட்டன் சமவெளி. போன் 4 பாகை எண்டு காட்டினது. விடிய விடிய நடுங்கினன். லேபல் பொய்தானே?

பொய் இல்லை. அந்த எண் உங்களுக்கென்று எழுதினது இல்லை, அவ்வளவுதான்.

பாக்கின் உள்பக்கத் தையலில் ஒரு சின்னத் துணிச்சீட்டு இருக்கும், திருப்பிப் பாருங்கள். ஒழுங்கான பாக் என்றால் அதில் மூன்று எண் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். நீங்கள் வாசித்த 0 அநேகமாக லிமிட்டாக இருக்கும். கடைக்காரர் பெரிய எழுத்தில் போடுவது அதைத்தான். லிமிட் 0 என்றால் கம்ஃபர்ட் 5 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். 4 பாகையில் நீங்கள் நடுங்கினதில் அதிசயம் இல்லை.

இந்த எண்கள் வந்த கதையைச் சொன்னால்தான் விளங்கும். 2002க்கு முன் பல கம்பெனிகள் தம் மனம்போல எண் போட்டன. அந்த வருடம் ஐரோப்பாவில் ஈஎன் 13537 என்ற தரமுறை வந்தது. 2016இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 23537. குளிர் அறையில் ஆள் உயரப் பொம்மை ஒன்றைப் படுக்கவைத்து, உள்ளே சூடாக்கி, பாக் வழியாக எவ்வளவு சூடு கசிகிறது என்று அளக்கிறார்கள். அளவு ஒன்றுதான். அந்த ஒரு அளவிலிருந்து மூன்று எண்ணையும் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். கம்ஃபர்ட் என்பது 25 வயது, 160 செ.மீ., 60 கிலோ உள்ள ஒரு பெண் கைகாலை நீட்டிச் சும்மா படுத்தால் குளிராத அளவு. லிமிட் 25 வயது, 173 செ.மீ., 73 கிலோ உள்ள ஒரு ஆண் சுருண்டு படுத்து 8 மணித்தியாலம் சமாளிக்கிற அளவு. எக்ஸ்ட்ரீம் என்றால் அந்தப் பெண் 6 மணித்தியாலம் சாகாமல் கிடப்பாள், விரல் விறைத்தாலும் விறைக்கும். நித்திரை என்ற பேச்சே அங்கே இல்லை.

கவனியுங்கள், பொம்மைக்கு நீளக்கை உள்ளாடை, நீளக் காற்சட்டை, முழங்கால் வரை சொக்ஸ் போட்டிருக்கிறார்கள். அடியில் தடித்த பாய். காற்று பேருக்குத்தான். பொம்மை சாப்பிட்டதா, மழையில் நனைந்ததா, நடந்து களைத்ததா என்று யாரும் கேட்பதில்லை.

போன் காட்டினது பக்கத்து ஊரின் கணிப்பு. ஹோட்டன் சமவெளி 2100 மீற்றர் உயரம். வானம் தெளிந்து காற்று விழுந்த இரவில் குளிர் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். காற்று 3, 4 பாகையில் நிற்கும்போதே புல்லில் உறைபனி பிடிக்கும். நீங்கள் படுத்தது அந்தப் புல்லில்.

இனி என் கேள்வி: அடியில் என்ன போட்டீர்கள்?

நிலாவெளித் தம்பி: ஒரு பொலித்தீன் விரிப்பு, அண்ணை.

அதுதான் வியாதி. பாக்கில் சூட்டைப் பிடிப்பது பஞ்சு இல்லை, பஞ்சுக்குள் சிக்கின காற்று. நீங்கள் படுத்தவுடன் முதுகுக்குக் கீழே அந்தக் காற்று முழுக்க நசிந்து வெளியே போய்விடும். அடிப்பக்கம் உங்களுக்கு பாக்கே இல்லை, இரண்டு துணிதான். மீன்பிடிக்காரரின் ரெஜிபோம் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அடிப்பலகையைக் கழற்றிவிட்டு மூடியை மட்டும் இரண்டாகப் போட்டால் ஐஸ் நிற்குமா?

மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் ஆறு பேர் அங்கே அனுமதி எடுத்துக் கூடாரம் போட்டோம். என்னுடைய பாக்தான், கம்ஃபர்ட் 5. ஒரு பெடியன் பாயைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தான், சொல்லவும் இல்லை. இரவு 2 மணிக்குப் பல் கிட்டுகிற சத்தம் கேட்டு எழும்பினேன். நெஞ்சுப்பக்கம் கைவைத்தால் சூடு, முதுகுப்பக்கம் துணி ஐஸ்போல. மேலே இன்னொரு போர்வை கேட்டான். கொடுக்கவில்லை. சாமான் கொண்டுவந்த காட்போட் பெட்டி இரண்டைப் பிரித்து, வெறும் அரிசிச் சாக்கு, அவனுடைய முதுகுப்பை எல்லாவற்றையும் கீழே அடுக்கிப் படுக்கவைத்தேன். கால் மணித்தியாலத்தில் குறட்டை.

அலஸ்தோட்டம், ஒரு அம்மா: பிள்ளைக்கு 8 வயது. எந்த எண்ணைப் பார்ப்பது?

எந்த எண்ணையும் நம்பாதீர்கள் அம்மா. அந்தத் தரமுறை பிள்ளைகளுக்கு இல்லை. உங்களுக்கு எடுப்பதைவிடத் தடிப்பாக எடுத்து, பக்கத்திலேயே படுக்கவையுங்கள்.

சீனக்குடா: அமெரிக்காவில இருந்து மச்சான் பாக் அனுப்பினான். 20 டிகிரி எண்டு போட்டிருக்கு. இங்க ராவில 26, அப்ப நுவரெலியாவுக்கு இது உதவாதுதானே?

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அது ஃபாரன்ஹைட். 20 ஃபாரன்ஹைட் என்றால் மைனஸ் 6.7 செல்சியஸ். நுவரெலியாவில் உங்களுக்கு வேர்க்கும். அங்கே 0 என்று எழுதினால் மைனஸ் 18. விற்றுவிடாதீர்கள்.

திருக்கடலூர்: அண்ணை, 0 பாகை பாக் நுவரெலியாவுக்குக் காணுமா?

மேலே எழுதினதை வாசியுங்கள். எந்த 0? அடியில் என்ன?

கோணேசர் கோவிலடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தட்சிண கைலாயத்தில் பிறந்தவனுக்கு வடகைலாயத்தையும் பார்க்க ஆசை. வயது 66. என்ன பாக் கொண்டுபோக வேண்டும்?

ஐயா, உங்களுக்குப் பொறுமையாக எழுதுகிறேன். மானசரோவர் 4590 மீற்றர் அளவு. மலையைச் சுற்றி நடக்கிற பரிக்கிரமத்தில் இரவு தங்குகிற திராபுக் 5000க்குக் கிட்ட. டோல்மா கணவாய் 5630. கோடையிலும் இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்கும். விடுதிகளில் கனமான போர்வை தருவார்கள். நனைந்த கம்பளி மணம் உங்களுக்கு ஒத்துவருமோ தெரியாது. கம்ஃபர்ட் மைனஸ் 5 உள்ள பாக்கும், உள்ளே ஒரு பருத்தி உறையும் போதும்.

66 வயதில் உடம்பு உண்டாக்குகிற சூடு 25 வயதுப் பொம்மையின் கணக்கில் வராது. கடற்கரையிலேயே வளர்ந்த உடம்பு வேறு. சீட்டில் உள்ள கம்ஃபர்ட் எண்ணோடு 5 பாகையைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். அந்த உயரத்தில் பசி செத்துவிடும், சாப்பிடாமல் படுத்தால் எந்த பாக்கும் சூடாகாது. பாக் சூடு தருகிற சாமான் இல்லை, உங்கள் சூட்டைப் பிடித்து வைக்கிற சாமான். படுக்கமுன் கச்சானோ எள்ளுருண்டையோ இரண்டு வாய் போடுங்கள். மூச்சு, இரத்த அழுத்தம், அதற்கான குளிசை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பயணச்சீட்டு எடுக்க முன்னம் வைத்தியரிடம் போங்கள்.

கிண்ணியா: சிவனொளிபாத மலைக்கு?

பாக் வேண்டாம். இரவு ஏறி உச்சியில் விடியலுக்குக் காத்திருக்கிற இடம் அது. வேர்வையில் நனைந்த ரீசேட்டை மாற்ற ஒன்று, காற்றுப் புகாத ஜக்கெட் ஒன்று, காதை மூடத் தொப்பி.

ரொறன்ரோ மாமா: தம்பி, ஒரு முக்கியமான விசயத்தை மறைக்கிறீர். பாக்குக்குள்ளே உடுப்பைக் கழட்டிவிட்டுப் படுத்தால்தான் சூடு. 30 வருசமாகக் கனடாவில் முகாம் போடுகிறேன்.

மாமா, 30 வருடத்துக்கு மரியாதை. ஆனால் பிழை. சட்டையும் ஒரு அடுக்குக் காற்று. வெளியே நின்றால் சூடு தருகிற சட்டை பாக்குக்குள் போனவுடன் குளிர் தருமா?

ரொறன்ரோ மாமா: உடம்புச் சூடு பாக்குக்குள்ளே பரவவேணும். சட்டை தடுத்துவிடும்.

பரவத் தேவையில்லை. உடம்பில் நின்றால் போதும். பாக்கையா சூடாக்கப் போகிறோம்?

உவர்மலை, ஒரு தாதி: குளிரில் விறைத்த ஆளுக்கு ஈர உடுப்பைக் கழட்டிவிட்டு, இன்னொருவரின் உடம்போடு அணைத்துச் சூடாக்கச் சொல்லி முதலுதவியில் படித்திருக்கிறோம். மாமா சொல்கிற கதை அதிலிருந்து வந்திருக்கும். கழட்டச் சொல்வது ஈரம் என்றபடியால்.

தங்கச்சி, அதேதான். கழட்டவேண்டிய உடுப்பு இரண்டு வகை. ஈரமானது ஒன்று. இறுக்கமானது மற்றது: மூன்று சொக்ஸை ஒன்றன்மேல் ஒன்று இழுத்தால் இரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும். தடித்த ஜக்கெட்டோடு ஒடுங்கின பாக்குக்குள் புகுந்தால் பாக்கின் பஞ்சை உள்ளிருந்தே நசிப்பீர்கள். அதைக் கழற்றி மேலே போர்த்துங்கள். காய்ந்த மெல்லிய உடுப்பு எப்போதும் சூடுதான். பரிசோதனைப் பொம்மைக்கே உடுப்புப் போட்டுத்தானே அளக்கிறார்கள்?

ரொறன்ரோ மாமா: உம்முடைய பொம்மைக்கு வேர்க்குமோ? எனக்கு வேர்க்கும். வேர்த்தால் சட்டை நனையும், நனைந்தால் குளிரும். அதுக்குத்தான் கழட்டுறது.

இந்த இடத்தில் மாமா ஒரு நல்ல அடி அடித்துவிட்டார், ஒப்புக்கொள்கிறேன். பொம்மைக்கு வேர்க்காது. சோதனை காய்ந்த பாக்கில் ஒரு தடவை நடக்கிறது. மனிதன் இரவு முழுக்க ஈரத்தை வெளியே விடுகிறான். கடுங்குளிரில் அந்த ஈரம் பஞ்சைத் தாண்டி வெளியேற முன்னமே உள்ளேயே தங்கும். தாராத் தூவி அடைத்த பாக் என்றால் நாலைந்து இரவில் தூவி கட்டிபட்டு, கை வைத்தால் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். முதல் நாள் மைனஸ் 10 தாங்கினது ஐந்தாம் நாள் தாங்காது. சீட்டில் இதற்கு எண் இல்லை. செயற்கை நார் கனம் கூட, ஆனால் ஈரத்தில் இவ்வளவு கெடாது.

ஆனால் மாமா, வேர்க்கிறது என்றால் உடுப்பு கூடிவிட்டது, சிப்பைத் திறவுங்கள். அம்மணமாய்ப் படுத்தால் அந்த வேர்வை நேரே பாக்குக்குப் போகும். சட்டையைத் துவைக்கலாம், தூவி பாக்கைத் துவைக்கிற கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

ரொறன்ரோ மாமா: சரி, பனியன் போடலாம்.

சாம்பல்தீவு: 0 பாகை பாக் நுவரெலியாவுக்கு...

அடியில் என்ன? அடியில் என்ன? அடியில் என்ன?

உப்புவெளி அக்கா: துவைக்கிறதைப் பற்றிச் சொல்லும். என்னுடையது அலுமாரியில் இரண்டு வருசம். பூஞ்சண மணம்.

சின்ன உறைக்குள் அமுக்கியபடி வைத்திருப்பீர்கள். எங்கள் ஊர்க் கடற்காற்றில் அது கொலை. பயணத்துக்கு மட்டும் அமுக்குங்கள். வீட்டில் பழைய பெட்சீற்றைப் பையாகத் தைத்துத் தளரப் போட்டுக் கொழுவி வையுங்கள். அமுக்கி வைத்த பாக் ஊதுகிற சக்தியை இழந்துவிடும், பிறகு சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது பழைய கதை.

துவைக்கிறது மார்ச்சுக்குப் பிறகு. கார்த்திகை, மார்கழி மழையில் தொடவேண்டாம். குளியல் தொட்டியிலோ பெரிய பேசினிலோ மெல்லிய சோப்பில் மிதித்து, நாலைந்து தண்ணீர் மாற்றி அலசுங்கள். தூக்கும்போது அடியில் இரண்டு கையையும் கொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கவேண்டும். ஒரு லோன்றிக்காரர் என்னுடைய பாக் ஒன்றை நனைந்தபடி ஒரு நுனியில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டார். உள்ளே அறை பிரித்த துணியெல்லாம் கிழிந்து, தூவி முழுக்கக் காலடியில் இறங்கி, தலையணை மாதிரி ஆகிவிட்டது. நிழலில் கிடத்திக் காயவிட்டு, மணித்தியாலத்துக்கு ஒருமுறை கட்டிகளை விரலால் உதிர்க்கவேண்டும். மூன்று நாளாவது பிடிக்கும்.

மூதூர்: சந்தையில் மைனஸ் 15 என்று உறையில் அச்சடித்த பாக், விலை மலிவு. எடுக்கலாமா?

உள்ளே மூன்று எண் போட்ட சீட்டு உண்டா? இல்லையென்றால் அந்த மைனஸ் 15 எக்ஸ்ட்ரீமாக இருக்கும், அல்லது அச்சகக்காரரின் கற்பனை. கம்ஃபர்ட் 0 உள்ள நல்ல பாக்கின் எக்ஸ்ட்ரீம் எண்ணே மைனஸ் 22 அளவில் நிற்கும். உறையைப் பார்க்காதீர்கள். தரையில் விரித்துக் குலுக்கிவிட்டு, ஊதி எழும்புகிற உயரத்தைப் பாருங்கள்.

பாலையூற்று: யோகாப் பாய் போதுமா? சுடுதண்ணிப் போத்தல் உதவுமா?

யோகாப் பாய் தனியாகப் போதாது. பாய்க்கும் ஒரு எண் உண்டு, ஆர் மதிப்பு: சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பது. 2018இல்தான் அதை அளக்கப் பொதுவான முறை வந்தது. பொம்மையின் பாய் 5க்குக் கிட்ட. யோகாப் பாய் 1க்குக் கீழே. ஆனால் இரண்டு பாயை அடுக்கினால் மதிப்பும் கூடும், அதனால் எறியவேண்டாம், ஃபோம் பாய்க்கு மேலே போடுங்கள். போத்தல் நல்லது, மூடி ஒழுகாததாகப் பார்த்து சொக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வையுங்கள்.

ஓர்ஸ்ஹில் பெடியன்: அண்ணை, வாற சனி நாலு பாக் வேணும். பாய் எங்களிட்ட இருக்கு.

என்ன பாய்?

ஓர்ஸ்ஹில் பெடியன்: கடற்கரைக்குக் கொண்டுபோறது.

சனி காலை 8 மணிக்கு வாங்கோ. நாலு பாக், நாலு ஃபோம் பாய். பாய்க்கு வாடகை இல்லை, ஆனால் அதை எடுக்காமல் பாக் தரமாட்டேன்.