முன்கூட்டியே கொடுத்த ஊக்கத்தொகை பொய்க்கணக்கை வளர்க்குமா?

கேள்வி: விற்பனைக் குழு ஒன்றை நடத்துகிறேன். முன்பெல்லாம் வாடிக்கையாளர் சந்திப்புகளுக்கான டார்கெட்டை எட்டியவர்களுக்கு மாதக் கடைசியில் ஊக்கத்தொகை கொடுப்போம். இப்போது முதல் தேதியே கொடுத்துவிட்டு, எட்டாதவர்களிடம் பிடித்துக்கொள்கிறோம். தொகையில் மாற்றமில்லை. ஆனால் போகாத இடத்துக்குப் போனதாக ரிப்போர்ட் எழுதுவது கூடிவிட்டது. ஏன்?

பதில்: தொகை மாறவில்லை என்பது உங்கள் கணக்கு. அவர்களுக்கோ முன்பு அது வந்தால் வரட்டும் என்றிருந்த பணம். இப்போது கைக்கு வந்து, பாதி செலவும் ஆகிவிட்ட பணம். கிடைக்கும் லாபத்தைவிட அதே அளவு நஷ்டம் மனதை அதிகம் உறுத்தும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். அந்த உறுத்தல் நேர்மையையும் அசைக்கக்கூடும். ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்கும் வழி எளிது. கோப்பைக்குள் பகடையைக் குலுக்கி, விழுந்த எண்ணைத் தானே சொல்ல வேண்டும். வேறு யாரும் பார்ப்பதில்லை. பெரிய எண்ணுக்குப் பெரிய தொகை. அதே தொகையை லாபமாக அல்லாமல், முதலில் உங்களுடையது, எண்ணுக்கேற்பக் கழியும் என்று நஷ்டமாகக் காட்டியபோது, சில ஆய்வுகளில் சொல்லப்பட்ட எண்கள் இன்னும் பெரிதாகின; எல்லா ஆய்வுகளிலும் அப்படியில்லை. ஸ்வீடனில் வருமான வரிக் கணக்குகளை ஆராய்ந்தபோதும் இதே சாயல்: பணம் திரும்பி வரவிருந்தவர்களைவிட, மேற்கொண்டு கட்ட வேண்டியிருந்தவர்களே வரிக் கழிவுகளை (வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் செலவுகளை) அதிகம் கோரினார்கள். அதெல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நஷ்டம் கண்ணில் பட்டதும் கை தேடத் தொடங்குகிறது. ‘கூடுதலாகச் சம்பாதிக்கப் பொய் சொன்னேன்’ என்று நினைக்கக் கூசுகிறவர்கூட, ‘என்னுடையதைத்தானே காப்பாற்றிக்கொண்டேன்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்.

உங்கள் முறை அடியோடு தவறு என்று சொல்லமாட்டேன். சீனத் தொழிற்சாலை ஒன்றில், ஊக்கத்தொகை இப்போதே உங்களுடையது, இலக்கை எட்டாவிட்டால் போய்விடும் என்று முன்பே அறிவித்த இதைப் போன்ற முறை உற்பத்தியைச் சற்றே கூட்டியிருக்கிறது. ஆனால் அங்கே எத்தனை பொருள் தயாரானது என்பதை எண்ணிப் பார்க்கலாம். தொழிலாளி சொல்லும் எண்ணை நம்பவேண்டியதில்லை. உங்களிடம் வேலை செய்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவரே. சிக்கல் அங்கேதான்.

ஆகவே சந்திப்புகளின் எண்ணிக்கைக்குப் பிடித்தம் வேண்டாம். அதற்குப் பழையபடி மாதக் கடைசியில் கொடுங்கள். பிடித்தம் வைத்தே ஆகவேண்டும் என்றால் வசூலான பில்லோடு மட்டும் முடிச்சுப் போடுங்கள். ரிப்போர்ட்டில் சிலவற்றை முன்னறிவிப்பின்றிப் பொறுக்கியெடுத்து வாடிக்கையாளரிடம் விசாரியுங்கள். கண்காணிப்பு இருந்தால் இந்த ஏய்ப்பு நன்றாகக் குறைகிறது. நேர்மை பற்றி வகுப்பெடுப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை.

இன்னொன்று: இந்த மாதம் கொடுத்த தொகையை நடுவில் திரும்பக் கேட்காதீர்கள். புதிய முறை அடுத்த மாதத்திலிருந்து வரட்டும்.