கொலை, திருட்டு இரண்டுக்கும் தண்டனை வந்த பிறகு மேல்முறையீட்டில் பலன் உண்டா?

அண்ணனுக்குக் கொலைக்கு ஆயுள், திருட்டுக்கு ஐந்து ஆண்டு. கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது, நகை மட்டும் பிடிபட்டது. வீட்டை விற்று மேல்முறையீடு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்முறையீட்டை விடாதீர்கள். வீட்டை விற்காதீர்கள். நான் வக்கீல் இல்லை, நெல் அரவை மில்லில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் என் தம்பிக்கும் இதே இரண்டு தண்டனைகள் வந்தன.

2014இல் எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு மூதாட்டியைக் கொன்று கழுத்துச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் நானும் தம்பியும் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறோம். பதினோராம் நாள் தம்பியைப் பிடித்தார்கள். கொலை நடந்த நான்காம் நாளே அந்தச் சங்கிலி பக்கத்து ஊர் அடகுக் கடைக்குப் போயிருந்தது. சீட்டில் அவன் பெயர், அவன் கையெழுத்து, கூடவே அவன் வாக்காளர் அட்டையின் நகல். கொன்றவன் இப்படியா தன் அட்டையைக் கொடுத்து அடகு வைப்பான் என்று நான் கேட்காத ஆள் இல்லை. அப்படியானால் சங்கிலி அவன் கைக்கு எப்படி வந்தது என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். வேலைக்கு வந்த ஒருவன் அடகு வைக்கச் சொல்லிக் கொடுத்தான் என்பது தம்பியின் கதை. அந்த ஒருவன் கடைசி வரை அகப்படவில்லை.

கொலைகாரனுக்குப் பரிந்து பேசுகிறான் என்று கீழே எழுத வருகிறவர்கள் இதைக் கவனிக்கவும்: என் தம்பி யோக்கியன் என்று நான் எங்குமே எழுதவில்லை. சங்கிலி அவனிடம் இருந்தது. அதற்கு மேல் என்ன நிரூபிக்கப்பட்டது என்பதுதான் என் பேச்சு.

விசாரணைக்குப் பணம் வேண்டும் என்று 30 சென்ட் நிலத்தை விற்றேன். வாங்கியவர் சொந்த மாமன் மகன். அவசரத்துக்கு விற்கிறவனிடம் எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்தார். போகட்டும். ஆனால் எழுதிக் கொடுத்தது 30 சென்ட். வேலி போட்டது வண்டிப்பாதையையும் சேர்த்து. இன்றும் என் வயலுக்கு உரமூட்டை வரப்பு வழியாகத் தலைச்சுமையாகத்தான் போகிறது. அளந்து காட்டச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் வீட்டை விற்கலாமா என்ற ஒரு வரியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வேலிதான்.

அந்தப் பணத்துக்கு என்ன நடந்தது தெரியுமா? சங்கிலி மீட்டதற்குக் கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் சாட்சி சொன்னார்கள். எங்கள் வக்கீல் பேருக்கு நான்கு கேள்வி கேட்டார். சம்பவ இரவு ஒன்பது மணிக்கு ஆச்சி வீட்டிலிருந்து தம்பி வெளியே வந்ததைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். அவரிடம் குறுக்கு விசாரணையே இல்லை. 2017இல் ஆயுள் தண்டனை. அன்று நீதிமன்ற வாசலில் அம்மா என்னைத்தான் திட்டினார், தம்பியை அல்ல.

மேல்முறையீட்டுக்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. சிறையில் இருக்கிறவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் அப்படிச் சொல்கிறது. மனு போட்டுப் பார்க்கப் போனபோது தம்பியோடு இருந்த ஒரு கைதி சொல்லித்தான் எனக்கே தெரியும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் எங்களுக்குக் கிடைத்தவர் இளைஞர். சட்ட உதவி வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்பார்கள். எல்லோருக்கும் நல்லவரே கிடைப்பார் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. எங்களுக்குக் கிடைத்தவர் கட்டு முழுவதையும் படித்தார். என்னையும் படிக்கச் சொன்னார்.

படித்தேன். கணக்கு எழுதுகிறவனுக்குத் தேதிகள்தான் முதலில் கண்ணில் படும். டீக்கடைக்காரரின் வாக்குமூலம் சம்பவத்துக்கு மறுநாளே பதிவானதாகப் போலீஸ் எழுதியிருந்தது. ஆனால் அது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் முத்திரை, குற்றப்பத்திரிகை தாக்கலான அதே நாள்; சம்பவத்திலிருந்து 107ஆம் நாள். மறுநாளே அவன் பெயர் தெரிந்திருந்தால் ஏன் பதினோரு நாள் தேடினார்கள்? நான் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். வக்கீல் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார். என் ஐம்பது வயதில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அந்த வட்டம்தான் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

2021இல் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சாட்சியை நம்ப மறுத்தது. அது போனதும் மிச்சம் சங்கிலி மட்டும். போலீஸிடம் சொன்ன ஒப்புதலில் 'இந்தக் கடையில் வைத்திருக்கிறேன்' என்ற துண்டுதான் செல்லும், 'கொன்றேன்' செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அது. வெள்ளைக்காரன் காலத்திலேயே புலுக்குரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) தெளிவாக்கிய விஷயம். திருட்டுப் பொருளைச் சில நாட்களுக்குள் வைத்திருந்து விளக்கம் சொல்ல முடியாதவனைத் திருடன் என்றோ, தெரிந்தே வாங்கியவன் என்றோ ஊகிக்கலாம். அதை மட்டும் வைத்துக் கொலைகாரன் என்று ஊகிக்க முடியாது என்று சன்வத் கான் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தம்பிக்கும் அதுதான் நடந்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை. திருட்டுத் தண்டனை உறுதி, ஏற்கெனவே உள்ளே இருந்த காலமே போதும்.

இதைப் படித்துவிட்டு உங்கள் அண்ணனும் நாளையே வந்துவிடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். 1983இல் ஏரபத்ரப்பா வழக்கில், பொய்ப் பெயரில் வேலைக்குச் சேர்ந்து கொலை நடந்த இரவே காணாமல் போன வேலைக்காரனிடம் ஓர் ஆண்டு கழித்து நகை கிடைத்தது. கொலைக் குற்றத்தையே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, தூக்கை மட்டும் ஆயுளாகக் குறைத்தது. நகையோடு வேறு என்ன சேருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடிப்போனாரா, இரத்தக்கறை உண்டா, கடைசியாகக் கூடப் பார்த்தவர் உண்டா என்று தீர்ப்பில் தேடுங்கள்.

தம்பி இப்போது வெளியூரில் சுமை ஏற்றும் வேலையில் இருக்கிறான். ஊருக்கு வந்தால் இருட்டிய பிறகுதான் வருவான். சங்கிலி ஆச்சியின் மகனிடம் போய்விட்டது. அவர் என்னோடு பேசுவதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அன்றிரவு அவன் எங்கே இருந்தான் என்று நான் இதுவரை கேட்டதில்லை. ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தீர்ப்பு நகல் உங்கள் அண்ணனுக்கு இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டும். செஷன்ஸ் தீர்ப்பிலிருந்து உயர் நீதிமன்றம் போக 60 நாள். சிறை அதிகாரி வழியாகவே மனுவை அனுப்பலாம். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். கூடவே தண்டனையை நிறுத்திவைக்கவும் மனு போடுங்கள். எங்களுடையது ஒருமுறை தள்ளுபடியானது, அதற்காக உடைந்துபோக வேண்டாம். 2024 ஜூலை முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன, மேல்முறையீடு 415, தண்டனை நிறுத்தம் 430. பழைய 374, 389 என்று யாராவது சொன்னால் குழம்பாதீர்கள். தீர்ப்பு என்றைக்கு வந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. அந்த 60இல் எத்தனை நாள் போய்விட்டது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.