பெருங்குடல் புற்றுநோய் தோலுக்குப் பரவினால் அது பரம்பரை நோய் என்று பொருளா?

உங்கள் தந்தைக்கு நான்காம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் என்றும், தொப்புளருகே தோலில் கட்டிகள் வந்திருக்கின்றன என்றும், மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருப்பதால் இது பிள்ளைகளையும் தொடருமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இதே நோய்க்கு அம்மாவைப் பறிகொடுத்தவன். அந்த நாட்களில் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சைத் தழும்பின் ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு வந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. தையல் நூல் உள்ளே தங்கியிருக்கும் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். ஆறு வாரம் தடவினோம். வேறொரு மருத்துவர் பயாப்சி (சிறு துண்டு திசுவை எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. இந்த நோய் வழக்கமாகக் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவும். தோலுக்கு வருவது அரிது, வந்தால் பெரும்பாலும் வயிற்றுத் தோலிலும் பழைய தழும்பிலும்தான் வரும். தொப்புளில் வருவதற்கு ‘சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு’ என்றே பெயர். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்கு உதவியாளராக இருந்த அந்தக் கன்னியாஸ்திரிதான் இந்த முடிச்சுக்கும் வயிற்றுக்குள் பரவிய புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கவனித்துச் சொன்னவர். 1949இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். தோலில் கட்டி தெரிந்தால் உள்ளேயும் நோய் பரவியிருக்க வாய்ப்பு மிகுதி என்பதால், அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். மரபணுப் பரிசோதனை என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பரிசோதனைகள் நடக்கின்றன. எங்களைக் குழப்பியதும் அதுதான். முதலாவது கட்டியின் திசுவில் செய்வது. ஏறக்குறைய நூற்றில் நாற்பது பேரின் கட்டியில் கேராஸ் மரபணு பிறழ்ந்திருக்கும். அவர்களுக்குச் செடுக்சிமாப் மருந்து பயன் தராது என்பதற்காகவே அதைப் பார்க்கிறார்கள். பிராஃப் வி600இ என்ற பிறழ்வு இருந்தால் நோய் வேகமாக வளரும் இயல்புடையது. இவை இரண்டும் கட்டியின் செல்களில் வாழ்நாளில் ஏற்பட்ட மாற்றங்கள்; தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வருபவை அல்ல.

குடும்பத்தைத் தொடும் கேள்வி, மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளின் நீளம் மாறிப்போவது) என்று அறிக்கை சொல்லும்போதுதான் எழுகிறது. டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்களில் ஒன்று செயலிழந்தால் இந்நிலை உண்டாகும். நான்காம் நிலை நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பேரிடம் இது காணப்படுகிறது. இதில் ஒரு நன்மையும் உண்டு: பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் இவர்களில் பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் இந்தச் செயலிழப்பு பிறவியிலேயே வந்திருந்தால் அது லிஞ்ச் நோய்க்குறி, அதாவது குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை நிலை. பிள்ளை ஒவ்வொருவருக்கும் அதைப் பெறும் வாய்ப்பு ஐம்பது விழுக்காடு. எம்எல்எச்1 புரதம் இல்லாமலும் பிராஃப் பிறழ்வு இருந்தும் அறிக்கை வந்தால், பெரும்பாலும் அது பரம்பரையாக வந்ததன்று. ஐயம் தீராவிட்டால் இரத்தத்தில் செய்யும் இரண்டாவது பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

லிஞ்ச் குடும்பங்களில் சிலருக்குத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தனியாகவே கட்டிகள் தோன்றும். அதற்கு முயிர்-டோரே நோய்க்குறி என்று பெயர். தோற்றத்தை வைத்துப் பரவல் என்று முடிவுகட்டாமல் பயாப்சி கேளுங்கள். திசுவில் சிகே20, சிடிஎக்ஸ்2 என்ற புரதங்கள் இரண்டும் இருந்து சிகே7 என்ற புரதம் இல்லையென்றால், அது குடலிலிருந்து வந்தது என்பதற்கு வலுவான சான்று.

ஆகவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எழுதித் தந்திருப்பது திசுவிலா, இரத்தத்திலா என்பதைத்தான். அம்மாவின் கட்டியில் இருந்தது கேராஸ் பிறழ்வு மட்டுமே. ஆயினும் பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால், நாற்பது வயதிலோ, அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தொடங்க வேண்டும் என்றார்கள். லிஞ்ச் உறுதியானால் இருபது, இருபத்தைந்து வயதிலேயே தொடங்க வேண்டியிருக்கும். நான் நாற்பத்தொன்றில் செய்துகொண்டேன்; சிறிய பாலிப் (குடல் சுவரில் வளரும் சதை முளை) இரண்டு இருந்தன, அப்போதே எடுத்துவிட்டார்கள்.