பயேயா வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

அன்புள்ள ஐயா,

ஸ்பெயினின் வலென்சியா நகரம் பற்றிய உங்கள் கட்டுரையில், அங்கே ஒரு சமையல் வகுப்புக்குப் போனதை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். நானும் கணவரும் அக்டோபரில் ஸ்பெயின் போகிறோம். மகள் பார்சிலோனாவில் வேலை பார்க்கிறாள். அங்கேயே, பயேயா என்கிற ஸ்பானிய அரிசிச் சாப்பாட்டைச் சொல்லித்தரும் மாலை வகுப்பு ஒன்றில் எங்களுக்கு இடம் போடப் போகிறாளாம். தலைக்கு 70 யூரோ. "யூடியூபில் இல்லாத செய்முறையா? காசையும் கொடுத்துட்டு வெங்காயம் நறுக்கவா அவ்வளவு தூரம் போறோம்?" என்கிறார் கணவர். நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். அவருக்கு எல்லாம் ஆகும். போகலாமா, வேண்டாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

வெங்காயத்தைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்பட வேண்டாம். வலென்சியாக்காரர்கள் பயேயாவில் வெங்காயமே போடுவதில்லை. போட்டால் அரிசி குழைந்துவிடும் என்பார்கள். கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், கர்ரொஃபோ என்கிற பெரிய வெள்ளை பீன்ஸ், தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அரிசி. அவ்வளவுதான் அடிப்படை. சில வீடுகளில் நத்தையும் ஒரு கொத்து ரோஸ்மேரியும் சேரும். இந்தப் பட்டியலில் கை வைத்தால் கோபம் வந்துவிடும். 2016இல் பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் சொரீஸோ என்ற பன்றிக்கறித் தொத்திறைச்சியைப் போட்டு ஒரு பயேயா செய்முறை வெளியிட்டார். ஸ்பெயினே திரண்டுவந்து அவரைத் திட்டியது. 2021இல் வலென்சியா அரசு பயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்துவிட்டது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. செய்முறைக்காக என்றால் போகத் தேவையில்லை. மேலே நான் எழுதியதோடு இன்னும் பத்து வரி சேர்த்தால் செய்முறை முடிந்தது. முயலும் கர்ரொஃபோவும் கோவையில் எளிதில் கிடைக்கப் போவதுமில்லை. ஆனால் தீயை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதெல்லாம் வீடியோவில் வருவதில்லை. வகுப்புக்குக் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

முதலில் சட்டி. கிட்டத்தட்டத் தாம்பாளம் மாதிரி அகலமாக, ஆழமே இல்லாமல் இருக்கும். நடுவில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாக ஓடினால் அடுப்பு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் தொடங்கினால் ஒரு பக்கம் அரிசி வேகாது, மறுபக்கம் கரியும். அப்புறம் கறியை வறுப்பது. அரை மணி நேரம் வரைக்கும் அவசரமில்லாமல் வறுப்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். ஆனால் பயேயாவின் சுவையில் பெரும்பங்கு இங்கேதான் வருகிறது, ஏனென்றால் வலென்சியா பயேயாவுக்குத் தனியாக எலும்புச் சாறு ஊற்றுவதில்லை. வெறும் தண்ணீர்தான், அது சட்டியிலேயே சாறாகிறது. கறியை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு பீன்ஸ், பிறகு துருவிய தக்காளி, அது சுண்டியதும், அடிப்படைப் பட்டியலில் இல்லாவிட்டாலும் பலர் சேர்க்கிற, மிளகாய்ப் பொடி மாதிரி இருக்கும் பிமென்தோன். இதைப் போட்டவுடன் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், சற்றே தாமதித்தாலும் கசந்துவிடும். தண்ணீருக்கு அளவுக் குவளை கிடையாது. கைப்பிடியைச் சட்டியோடு பிணைக்கும் ஆணி இருக்கிறதே, அந்த மட்டம் வரை ஊற்றுவார்கள்.

குங்குமப்பூ விஷயத்தில் ஒரு சின்ன ரகசியம். வகுப்பில் ஸ்பெயினின் லா மான்சா பகுதிக் குங்குமப்பூவைக் கண்ணாடிக் குப்பியில் காட்டுவார்கள். வலென்சியா வீடுகளில் பல இடங்களில் விழுவது நம்மூர்க் கேசரிப் பவுடர் வகையறா மஞ்சள் பொடிதான். கேட்டால் சிரிப்பார்கள்.

அரிசி போடும் கட்டத்தில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். நம் கை தானாகவே கழுவப் போகும். அங்கே அரிசியைக் கழுவுவதில்லை. அப்படியே சட்டியின் குறுக்கே வரப்பு மாதிரி கொட்டிப் பரப்பிவிடுகிறார்கள். ஆளுக்குச் சுமார் 100 கிராம், ஒரு விரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. பரப்பியபின் கரண்டி உள்ளே போகவே கூடாது. நான் இருந்த வகுப்பில் ஒரு ஜெர்மன்காரர் ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பியதும் கிளறப் போனார். அந்த அம்மா கரண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார், கடைசிவரை திருப்பித் தரவேயில்லை. கிளறினால் மாவு வெளியேறிக் கூழாகிவிடும். இத்தாலிக்காரர்களின் ரிஸோட்டோ என்கிற குழைந்த சாதத்துக்கு அது வேண்டும், பயேயாவுக்கு ஆகாது.

முதல் பத்து நிமிடம் பெருந்தீ, பிறகு எட்டுப் பத்து நிமிடம் சிறுதீ. கடைசியில் தண்ணீர் வற்றி அடியில் அரிசி எண்ணெயில் பொரியத் தொடங்கும்போது சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் நின்று சடசடவென்று வரும். அதுதான் சொக்கர்ராத், அடியில் பிடிக்கும் காந்தல். ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு சுரண்டித் தின்பார்கள். நல்ல காந்தலுக்கும் கரிந்த காந்தலுக்கும் நடுவில் அரை நிமிடம்தான். ஆசிரியை "இப்போ, இப்போ" என்று சொல்ல, நம் கையே அடுப்பை அணைத்தால்தான் அந்த அரை நிமிடம் பிடிபடும். பக்கத்தில் நின்று படம் எடுத்தவர்களுக்கு அது வராது.

அதனால்தான் உங்கள் மகள் சொல்லும் மாலை வகுப்பில் எனக்குச் சந்தேகம். பயேயா மதியச் சாப்பாடு. ராத்திரியில் அது வயிற்றுக்குக் கனம் என்று ஊர்க்காரர்கள் தொடமாட்டார்கள். மாலையில் நடக்கும் வகுப்புகளில் பெரும்பாலும் எல்லாம் நறுக்கி வைக்கப்பட்டிருக்கும், சங்க்ரியா என்கிற பழம் போட்ட ஒயின் ஓடும், இருபது பேர் ஒரு சட்டியைச் சுற்றி நிற்பார்கள். வேறொரு நகரத்தில் அப்படி ஒன்றிலும் நான் மாட்டினேன். என் பங்குக்கு வந்தது ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்குகிற வேலை. பொழுது நன்றாகப் போனது, சமையல் வரவில்லை.

பார்சிலோனாவிலிருந்து வலென்சியாவுக்கு ரயிலில் 3 மணி நேரம்தான். முந்தின நாளே போய்த் தங்கிவிட்டு, காலையில் மெர்காத் சென்ட்ராலில் தொடங்கும் வகுப்பாகப் பாருங்கள். 1928இல் திறந்த சந்தை. இரும்பும் கண்ணாடியும் ஓட்டுச் சில்லுமாகக் கட்டிடமே தனி அழகு. முயலை அங்கே முழுசாகத் தொங்கவிட்டிருப்பார்கள், நீங்கள் அந்த வரிசையைத் தவிர்த்துவிடலாம். மறுநாள் நேரம் இருந்தால், ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றியுள்ள வயல்களையும் பார்த்துவிடுங்கள். அக்டோபரில் அறுவடை அநேகமாக முடிந்திருக்கும். அங்கே விளையும் அரிசியில் பொம்பா நிறையத் தண்ணீர் குடித்தும் உடையாது. செனியா சுவையை நன்றாக இழுத்துக்கொள்ளும், ஆனால் கொஞ்சம் கவனம் பிசகினால் குழைந்துவிடும். புதிதாகக் கற்பவர்களுக்குப் பொம்பாதான் நல்லது.

உங்கள் சைவம் பற்றி. "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீனோ, ஹாம் என்கிற பன்றிக்கறித் துண்டோ வந்து நிற்கும், அவற்றை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. காய்கறி பயேயா என்ற பெயரிலேயே கோழிச்சாறு ஊற்றுகிறவர்களும் உண்டு. மீன், ஹாம், எலும்புச் சாறு மூன்றும் வேண்டாம், எனக்குத் தனிச் சட்டி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். ஆர்ட்டிசோக் என்கிற கூனைப்பூவும் பீன்ஸும் போட்டுச் செய்யும் காய்கறி பயேயா நன்றாகவே இருக்கும், காந்தலும் அதே மாதிரி பிடிக்கும். தனிச் சட்டி முடியாது என்றால் அந்த வகுப்பை விட்டுவிடுங்கள். செவில்லே பக்கம் போவதாக இருந்தால் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம், பூண்டு போட்டுச் செய்யும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லித்தரும் வகுப்பு உங்களுக்குப் பயேயாவைவிடப் பொருத்தம் என்பேன்.

பணம் கட்டும் முன் மகள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு சட்டிக்கு எத்தனை பேர், அடுப்பை யார் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குச் சந்தை மூடியிருக்கும்.